ஓட்டுகிறவரும் பார்க்க வேண்டும்: நியூசிலாந்தின் தென் தீவை வாடகைக் காரில் சுற்ற ஒரு வழிகாட்டி

முதல் முறை நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போனபோது பத்து நாளும் நானே கார் ஓட்டினேன். ஊர் திரும்பியதும் என் மனைவி எடுத்த படங்களை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு படத்தில் ஏரியை ஒட்டியே போகும் சாலை, பால் கலந்தது போன்ற நீலத்தில் தண்ணீர், தூரத்தில் பனி மூடிய பெரிய மலை. "இது எந்த இடம்?" என்று கேட்டேன். "நீங்க ஓட்டிக்கிட்டு வந்த இடம்தாங்க" என்றாள். புக்காக்கி ஏரிக்கரையில் 55 கிலோமீட்டர் வந்திருக்கிறோம். சாலை நடுவில் போட்ட கோட்டையும் முன்னால் போன வண்டியையும் தவிர எனக்கு எதுவும் நினைவில் இல்லை.

இரண்டாம் பயணத்துக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஓட்டுகிறவரும் பார்க்க வேண்டும். அதை வைத்துத் திட்டம் போட ஆரம்பித்தால் எத்தனை நாள், எந்தக் கார், எங்கே இரவு தங்குவது, எப்போது கிளம்புவது என்று எல்லாமே மாறிவிடுகிறது. வெளிநாட்டில் முதல் முறையாகக் கார் எடுத்து ஓட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் பயணத்துக்குத் தென் தீவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ முதல் இரண்டு நாள் எந்தப் பக்கம் திரும்புவது என்ற பதற்றத்திலேயே போய்விடும். இங்கே அது இல்லை. அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தில். தென் தீவில் சுங்கச்சாவடியே கிடையாது.

எப்போது போவது

பூமியின் தெற்குப் பாதி என்பதால் பருவங்கள் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் அவசரமே இல்லாமல் ஓட்டலாம். ஆனால் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை உள்ளூர்க்காரர்களே விடுமுறையில் கிளம்பிவிடுவார்கள். அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் சிறந்த காலம். ஏப்ரல் இரண்டாம் பாதியில் போனால் ஏரோடவுன், வானாக்கா பக்கத்து மரங்கள் பொன்னிறமாக மாறியிருக்கும்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முதல் பயணம் வேண்டாம். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். காலையில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிப்படலம் இருக்கும், டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறைக்காக மே மாதத்தை விட்டால் வழியில்லை என்றால் மாதத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். அதோடு சேர்த்து 100 நியூசிலாந்து டாலர் சுற்றுலா வரியும் கட்ட வேண்டும். நெரிசல் காலத்தில் விசா தாமதமாகலாம். பணம் திரும்பக் கிடைக்காத எதையும் விசா வருவதற்கு முன் பதிவு செய்யாதீர்கள்.

லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால், சுற்றுலா வந்தவர் அதை வைத்தே அங்கே ஓட்டலாம். நம் அட்டை லைசென்ஸ் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இரண்டு விஷயம் கவனியுங்கள். அசல் அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டும். போனில் உள்ள டிஜிலாக்கர் படத்தை நம்பிப் போகக் கூடாது. பயணம் முடியும் நாள் வரை அது காலாவதியாகாமலும் இருக்க வேண்டும். பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் போவதற்கு முன் அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு சட்டப்படி தேவைப்படாவிட்டாலும், சில வாடகை நிறுவனங்கள் கேட்கின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். செலவு சிறியது, வாங்கிவிடுங்கள்.

ஓட்டுகிறவர் எத்தனை பேரோ அத்தனை பேரின் லைசென்ஸும் வேண்டும். ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

கார் பதிவு செய்வது

முதல் முடிவு, யார் யார் ஓட்டுவது என்பது. வண்டியில் ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். சில நிறுவனங்கள் கூடுதல் ஓட்டுநருக்கு நாள் கட்டணம் வாங்கும். அது வீண் செலவு என்று நினைத்து நானும் முதல் முறை விட்டுவிட்டேன். பெயர் எழுதாத ஒருவர் ஐந்தே நிமிடம் ஓட்டி, அப்போது எதாவது ஆனால் இன்சூரன்ஸ் செல்லாது. முழுப் பணமும் உங்கள் தலையில். அதனால் களைத்திருந்தாலும் நானே ஓட்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை மனைவி பெயரையும் சேர்த்தோம். மலைச் சாலையில் அவள் ஓட்ட, நான் சன்னல் பக்கம் உட்கார்ந்து முதன்முதலாக அந்த நாட்டைப் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாடகையிலேயே அடிப்படை இன்சூரன்ஸ் சேர்ந்திருக்கும். ஆனால் வண்டிக்குச் சேதம் வந்தால் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை என்று ஒன்று உண்டு. அதை அங்கே 'எக்ஸஸ்' என்பார்கள். இது பல ஆயிரம் டாலர் வரை இருக்கும். தினமும் ஒரு கட்டணம் கட்டினால் இந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது பூஜ்யமாக்கிக்கொள்ளலாம். புதிதாகப் போகிறவர்கள் பூஜ்யமாக்கும் திட்டத்தையே எடுங்கள் என்பது என் கருத்து. தென் தீவுச் சாலைகளில் எதிரே வரும் லாரி சக்கரத்திலிருந்து ஒரு சிறு கல் தெறித்தால் போதும், முன் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும். அதில் உங்கள் தவறு எதுவும் இருக்காது, ஆனால் பில் உங்களுக்கு வரும். ஆகவே கண்ணாடியும் டயரும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் தடை செய்யப்பட்ட சாலைகளின் பட்டியலும் இருக்கும். குயின்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலை பொதுவாக எல்லா நிறுவனங்களும் விலக்குவது. செங்குத்தான பாறையில் வெட்டிய குறுகலான மண் பாதை. அந்தப் பட்டியலிலுள்ள சாலையில் இறங்கிவிட்டால் எவ்வளவு பணம் கட்டி எடுத்த இன்சூரன்ஸும் உதவாது.

ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போது ஒரு டெபாசிட் தொகையை அதில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டை ஏற்காத இடங்கள் உண்டு. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்பும் முன்பே இயக்கி வையுங்கள்.

வண்டி அளவைப் பெட்டிகளை வைத்து முடிவு செய்யுங்கள். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டிகள் என்றால் சாதாரண செடானின் டிக்கி போதாது. மடியில் பெட்டி வைத்துக்கொண்டு போனால் யாரும் எதையும் பார்க்க முடியாது. நடைபாதைகள் தொடங்கும் வாகன நிறுத்தங்களில் கண்ணாடியை உடைத்துத் திருடுவதும் நடக்கிறது, வெளியே தெரியும்படி பை எதுவும் இருக்கக் கூடாது. நம்மூரில் கியர் வண்டி ஓட்டிப் பழகியிருந்தாலும் ஆட்டோமேட்டிக் எடுங்கள்; கவனத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். டீசல் வண்டி மலிவாகத் தெரிந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்நாட்டில் டீசல் வண்டிகளுக்கும் மின்சார வண்டிகளுக்கும் ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகச் சாலை வரி உண்டு, அதைச் சில நிறுவனங்கள் வாடகைக்காரரிடம் வசூலிக்கும்.

ஏழு வயது ஆகாத குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், மடியில் வைத்துக்கொள்ளவே முடியாது. காருடன் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டாக வேண்டும்.

கிலோமீட்டரை மறந்து மணியை எண்ணுங்கள்

வரைபடத்தில் தென் தீவு சின்னதாகத் தெரியும். சாலையில் இறங்கினால்தான் தெரியும். நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். வேக வரம்பு மணிக்கு 100. அந்த வேகத்தில் போக முடியாத வளைவுகளும் ஏற்றங்களுமே அதிகம். நான் சராசரியாக மணிக்கு 65 கிலோமீட்டர் என்று கணக்கு வைக்கிறேன்.

அதற்கு மேல் இன்னொரு கணக்கு. போன் வரைபடம் மூன்று மணி நேரம் என்று காட்டினால், என் தாளில் ஐந்து மணி நேரம் என்று எழுதுகிறேன். மீதி இரண்டு மணி நேரம் நிற்பதற்கு. அதை ஒதுக்காதவர்கள் வழியில் அழகான இடத்தைப் பார்த்ததும் "திரும்பி வரும்போது நிற்கலாம்" என்பார்கள். வட்டப் பாதையில் திரும்பி வருவதே இல்லை. ஒரு நாளைக்கு வரைபடக் கணக்கில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஓரிடத்திலாவது இரண்டு இரவு தங்குங்கள். அன்றைக்குச் சாவியைத் தொடாமல் இருக்கலாம்.

இந்தக் கணக்குப்படி கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி அங்கேயே முடியும் வட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். பத்து நாளில் முடிக்கலாம், முடித்தும் இருக்கிறேன். அதன் பலனை மேலே சொல்லிவிட்டேன். விடுமுறை ஏழு நாள்தான் என்றால் மேற்குக் கரையை விட்டுவிட்டுக் குயின்ஸ்டவுனில் காரைத் திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விடுவதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம், ஆனால் இரண்டு நாள் மிஞ்சும்.

பாதை

வந்து இறங்கிய அன்று ஓட்டாதீர்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் அங்கிருந்து மட்டும் சுமார் பத்து மணி நேரம். கோடையில் நியூசிலாந்து நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை பத்தரைக்குக் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கினால் உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை மூன்று மணி. அன்று தாவரவியல் பூங்காவில் நடந்துவிட்டுத் தூங்குங்கள். காரை மறுநாள் காலை எடுத்தால் ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

கார் எடுக்கும்போது பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள்: நான்கு பக்கம், நான்கு சக்கரம், முன் கண்ணாடி, கூரை, பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர். முன்பே இருக்கும் கீறல்களை அவர்கள் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் மருந்து மட்டும்தானா என்று கேளுங்கள். போட வேண்டியது எந்தப் பெட்ரோல், 91-ஆ 95-ஆ என்று கேட்டு மூடியிலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு அந்த வாகன நிறுத்தத்திலேயே இரண்டு சுற்று ஓட்டிப் பாருங்கள். இன்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஓடுவது அங்கேயே நடந்து முடியட்டும்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரி சுமார் 225 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். முதல் பாதி சமவெளி, மாடுகளும் ஆடுகளும் மேயும் பண்ணைகள். பர்க்ஸ் கணவாய் தாண்டியதும் நிலம் திடீரென்று விரிந்து பழுப்பு நிறப் புல்வெளியாகிவிடும், அதன் நடுவில் நீல ஏரி. அந்த நீலத்துக்குக் காரணம் பனிப்பாறை. அது நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. ஏரிக்கரையில் 1935-ல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் இருக்கிறது. சூரியன் உதிக்கும் நேரத்தில் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

டெக்காப்போவில் இரவு தங்கியே ஆக வேண்டும். இந்தப் பகுதி 2012 முதல் உலக அங்கீகாரம் பெற்ற இருள் வானக் காப்பகம். 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், வானத்தை மறைக்கும் விளக்குகளுக்குக் கட்டுப்பாடு. நிலா இல்லாத இரவில் பால்வீதி மேகம் போல் தெரியும். பயணத் தேதியை முடிவு செய்யும்போதே நம்மூர் நாள்காட்டியில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். டெக்காப்போ இரவு அதை ஒட்டி வரும்படி அமைத்தால் மற்ற எல்லாம் தானாக அமைந்துவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அடுத்த நாள் அந்தப் புக்காக்கி சாலை. 8-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 80-ஆம் எண் சாலை, ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி நேராக அவோராக்கி என்ற மவுன்ட் குக்கை நோக்கிப் போகிறது. 3,724 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயரமான சிகரம். இந்தச் சாலையில் வண்டிகளை ஓரம் கட்ட அமைத்த இடங்கள் உண்டு, அங்கெல்லாம் நில்லுங்கள். ஓட்டுகிறவர் இறங்கி, சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா நிற்கட்டும். சாலை முடியும் சிற்றூரில் தங்கும் அறைகள் குறைவு. மொத்தப் பயணத்திலும் முதலில் பதிவு செய்ய வேண்டியது இதுதான். அங்கிருந்து ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை கிளம்புகிறது. பாலப் பராமரிப்புக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடுவதுண்டு, காலையில் பார்வையாளர் மையத்தில் கேட்டுவிட்டு நடங்கள்.

அங்கிருந்து லிண்டிஸ் கணவாய் வழியாகக் குயின்ஸ்டவுன், நிற்காமல் போனால் மூன்றரை மணி நேரம். லிண்டிஸ் 971 மீட்டர் உயரம். மரமே இல்லாத மொட்டை மலைகள் மடிப்பு மடிப்பாக நிற்கும். வானாக்காவைத் தொட்டுக்கொண்டு போகிறவர்கள் கிரவுன் ரேஞ்ச் சாலையைப் பிடிக்கலாம். 1,076 மீட்டர், நாட்டின் தார் போட்ட முக்கியச் சாலைகளில் இதுதான் உயரம். குயின்ஸ்டவுன் பக்கம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகள் வரும். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் ஓட்டியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கே வளைவில் ஹாரன் அடிக்கும் வழக்கம் கிடையாது, அவரவர் தடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் இறக்கத்தில் தாழ்ந்த கியருக்கு மாற்ற முடியும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதீர்கள்.

குயின்ஸ்டவுனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடை, சாப்பாடு, கேளிக்கை எல்லாம் கிடைக்கும் ஊர், வாகன நிறுத்தம் மட்டும் கிடைக்காது. அறையில் நிறுத்துமிடம் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மில்ஃபோர்ட் சாலை

செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்த இடம் மில்ஃபோர்ட் சவுண்ட். பலர் குயின்ஸ்டவுனில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் அங்கே போய் வருகிறார்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், நடுவில் படகு. காரில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரே நாள்தான் முடியும் என்றால் பேருந்தில் போங்கள். ஓட்டுகிறவருக்கும் சன்னல் கிடைக்கும். மற்றவர்கள் டெ அனாவ் என்ற ஏரிக்கரை ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து மில்ஃபோர்ட் சுமார் 120 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்.

டெ அனாவில் டாங்க்கை நிரப்புங்கள். வழியில் பங்க் இல்லை என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள், போன் சிக்னலும் கிடைக்காது. வரைபடத்தை முந்தைய இரவே போனில் இறக்கி வையுங்கள். காலை ஏழுக்குள் கிளம்பினால் குயின்ஸ்டவுன் பேருந்துகளுக்கு முன்னால் போய்விடலாம். பத்து மணி அளவில் கிளம்பும் படகுக்குச் சீட்டு வாங்கி வையுங்கள். பேருந்துகள் நண்பகலுக்கு வந்து சேரும்போது நீங்கள் முடித்துத் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். போகும்போது படகைப் பிடிக்கும் கவலை இருக்கும், ஆகவே நிறுத்தங்களையெல்லாம் திரும்பும் பயணத்துக்கு வையுங்கள். வட்டமாக இல்லாமல் போன வழியே திரும்பும் சாலை என்பதால் இங்கே மட்டும் அது நடக்கும். எக்லிண்டன் பள்ளத்தாக்கின் புல்வெளி, கண்ணாடி ஏரிகள் என்று பெயர் பெற்ற குட்டைகள், மங்கி கிரீக் ஓடையின் தண்ணீர்.

சாலையின் உயரமான இடத்தில் ஹோமர் சுரங்கப்பாதை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1935-ல், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் குந்தாலியும் மண்வெட்டியுமாகத் தொடங்கிய பணி. பனிச்சரிவில் உயிர்கள் போயின, போரால் வேலை நின்றது, வண்டிகளுக்குத் திறந்தது 1954-ல். சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம், பூசாத பாறைச் சுவர், மில்ஃபோர்ட் பக்கம் சரிந்து இறங்குகிறது. நெரிசல் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்கு மட்டும் சிக்னல் விடுவார்கள். உள்ளே நுழையும் முன் முகப்பு விளக்கைப் போடுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். சிக்னலுக்குக் காத்திருக்கும்போது கியா என்ற பச்சை நிற மலைக்கிளி வந்து காரின் மேல் உட்காரலாம். சன்னல் ரப்பரையும் வைப்பரையும் கொத்திப் பிய்க்கும் பறவை அது. அழகாக இருக்கிறதென்று எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள்; அருகி வரும் இனம், மனித உணவு அதற்கு நல்லதல்ல.

மில்ஃபோர்டில் ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை பெய்கிறதே என்று மனம் தளராதீர்கள். அன்றைக்குத்தான் பாறை முழுவதும் நூற்றுக்கணக்கில் அருவிகள் வழியும். ஆனால் கனமழையில் சாலையை மூடுவார்கள். காலை எழுந்ததும் முதல் வேலை, அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவர வரைபடத்தைப் பார்ப்பது. மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவுக் காலம். சங்கிலி இல்லாமல் போக விடாத நாட்களும் உண்டு.

மேற்குக் கரை

டெ அனாவிலிருந்து வானாக்காவுக்கு ஒரு நாள், அங்கிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரை. வானாக்கா, ஹாவியா ஏரிகளை ஒட்டிப் போய், 560 மீட்டர் உயரத்தில் மலையைத் தாண்டியதும் பழுப்பு நிலம் மறைந்து ஈரக் காடு வந்துவிடும். கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் மலையின் இந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுவதால்தான் அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. ஒரே மணி நேரத்தில் இரண்டையும் பார்க்கலாம். இந்தச் சாலை கடற்கரை வழியாக முழுமையாக இணைந்ததே 1965-ல்தான். வானாக்காவில் ஒரு தடவை, ஹாஸ்டில் ஒரு தடவை பெட்ரோல் போடுங்கள். தென் தீவு முழுவதற்குமே பாதி டாங்க் ஆனதும் நிரப்பும் பழக்கம் நல்லது.

ஃபாக்ஸ், ஃபிரான்ஸ் ஜோசஃப் பனிப்பாறைகள் மிகவும் பின்வாங்கிவிட்டன. கீழிருந்து தொலைவில்தான் தெரியும். மேலே நடக்க ஹெலிகாப்டரில்தான் போக முடியும், செலவு அதிகம். அந்தப் பணம் இல்லாவிட்டாலும் ஃபாக்ஸ் அருகில் மாத்திசன் ஏரியை விடாதீர்கள். காற்று எழும் முன் விடியற்காலையில் போனால் அவோராக்கி தண்ணீரில் தலைகீழாக நிற்கும். ஹோக்கிட்டிக்காவில் ஓர் இரவு, பிறகு ஆர்தர்ஸ் கணவாய் வழியாகக் கிறைஸ்ட்சர்ச். ஒட்டிரா பாலத்தை மேலிருந்து பார்க்க ஓர் இடம் இருக்கிறது. நிலச்சரிவுக்குப் பேர்போன பழைய வளைவுச் சாலைக்குப் பதிலாக 1999-ல் கட்டிய 440 மீட்டர் நீளப் பாலம், பள்ளத்தாக்கின் மேல் வளைந்து இறங்கும்.

நம்மவர்கள் தடுமாறும் விதிகள்

ஒற்றைத் தடப் பாலங்கள் தென் தீவு முழுக்க உண்டு. சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசை அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் திசை அம்பு பெரியதாக வெள்ளையில் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அப்போதும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தே ஏறுங்கள். ஹெட்லைட் அடித்து முந்திப்போகும் நம்மூர்ப் பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து.

ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ஸ்டாப் பலகையில் யாருமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். உங்கள் பக்கம் தொடர் மஞ்சள் கோடு இருந்தால் முந்தக் கூடாது. பள்ளிப் பேருந்து நின்று குழந்தைகள் ஏறி இறங்கும்போது, நீங்கள் எந்தத் திசையில் வந்தாலும் வேகம் 20-க்கு மேல் கூடாது. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35 என்று இருந்தால் அது வெறும் அலங்காரமில்லை, 35-லேயே போங்கள்.

மெதுவாகப் போவது தவறில்லை. பின்னால் மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஓரத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகிறவர்கள். அதே சமயம் படம் எடுப்பதற்காக நடுச்சாலையிலோ பாலத்திலோ நிற்காதீர்கள். சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிற்க இடம் இருந்தால் மட்டும் நில்லுங்கள். முன் சீட்டில் இருப்பவரின் வேலை அதைப் பார்த்துச் சொல்வது: "அரை கிலோமீட்டரில் இடப்பக்கம் இடம் வருது" என்று முன்கூட்டியே. "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று ஓட்டுகிறவரிடம் கத்தவே கூடாது. அவசர உதவிக்கு எண் 111.

விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டவருக்கும் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்கு உதவும். காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்களுக்கு அது பொருந்தாது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சாப்பாடு

மோட்டல் அறைகளில் பெரும்பாலும் சின்னச் சமையலறை இருக்கும், அதைப் பார்த்தே பதிவு செய்யுங்கள். சிறு ஊர்களில் இரவு எட்டு, எட்டரைக்கு உணவகங்கள் அடுப்பை அணைத்துவிடும். சைவ உணவுக்காரர்களுக்கு அதற்கு முன்பும் அதிகம் இருக்காது. அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் பெரிய ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம். புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினால் மதியம் எந்த ஏரிக்கரையிலும் சாப்பிடலாம்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு, எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் உணவு என்று தெரிவியுங்கள். தெரிவித்தால் பார்ப்பார்கள், அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் மறந்து வைத்திருந்தாலும் அதே அபராதம். தேன், பழம், பால் இனிப்பு, விதைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நடைப் பயணக் காலணியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது, கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

காரைத் திருப்பிக் கொடுப்பது

விமானத்துக்கு முந்தைய நாளே கிறைஸ்ட்சர்ச் வந்துவிடுங்கள். ஆர்தர்ஸ் கணவாய் மழையில் மூடினால் சுற்றுப்பாதை பல மணி நேரம் கூட்டிவிடும். விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பங்க்கில் டாங்க்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியிலும் கதவுப் பையிலும் கையை விட்டுத் தேடுங்கள், எங்கள் வீட்டு மூக்குக் கண்ணாடி ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் கொடுத்து, ஊழியர் முன்னாலேயே வண்டியைப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இரவில் சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவதாக இருந்தால், எடுக்கும்போது எடுத்தது போலவே சுற்றி வந்து இன்னொரு வீடியோ. டெபாசிட் கார்டுக்குத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும், வேகக் கேமராவில் சிக்கியிருந்தால் அபராதம் வாரங்கள் கழித்துக்கூட வரும். அதுவரை இரண்டு வீடியோவையும் போனிலிருந்து அழிக்காதீர்கள்.